செல் வளர்ப்பில் தெரிவு மருந்துகள்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

அயல் டிஎன்ஏ ஒன்றைச் செல்களுக்குள் செலுத்தினால், அதைத் தம் குரோமோசோமோடு நிலையாகச் சேர்த்துக்கொள்ளும் செல்கள் மிகச் சிலவே. அந்தச் சிலவற்றை மட்டும் பிழைக்க விட்டு மற்றவற்றை அழிப்பதற்காக, நமக்கு வேண்டிய மரபணுவோடு மருந்தெதிர்ப்பு மரபணு ஒன்றையும் சேர்த்து அனுப்பி, பிறகு அந்த மருந்தை வளர் ஊடகத்தில் கலக்கிறோம். இதையே தெரிவு என்கிறோம். நியோ என்னும் எதிர்ப்பு மரபணுவையும் ஜி418 மருந்தையும் கொண்டு பாலூட்டிச் செல்களில் இதைச் செய்யலாம் என்று சதர்னும் பெர்க்கும் 1982இல் காட்டினர். அடிப்படை முறை இன்றுவரை மாறவில்லை. சாக வேண்டியவை சாகாமல் இருப்பது, வாழ வேண்டியவை வாழாமல் போவது, வாழ்பவற்றுள் வேண்டிய மரபணு வேலை செய்யாமல் இருப்பது என்ற மூன்று தோற்றங்களில் ஒன்றாகவே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்படுகின்றன. காரணங்களோ பல. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்வதே இங்கே பின்பற்றப்படும் வழி.

எந்த மருந்து, எந்த மரபணு, எத்தனை நாள்

அறிகுறியைப் படிப்பதற்கு முன் எதிர்பார்ப்பு சரியாக இருக்க வேண்டும். பியூரோமைசின் மிக விரைவாகக் கொல்லும். மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரையிலான அளவில், எதிர்ப்பு இல்லாத செல்கள் 2 முதல் 4 நாள்களுக்குள் தட்டிலிருந்து கழன்றுவிடும். அதற்கான பாக் மரபணு, மருந்தின்மீது ஓர் அசிட்டைல் தொகுதியை ஏற்றி அதைச் செயலிழக்கச் செய்கிறது. பிளாஸ்டிசிடின் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோகிராம் அளவில் பயன்படுகிறது; பிஎஸ்ஆர், பிஎஸ்டி என்ற இரு மரபணுக்களுள் ஏதேனும் ஒன்று அதன் அமினோ தொகுதியை நீக்கிவிடும். ஹைக்ரோமைசின் பி மருந்துக்கு 50 முதல் 500 மைக்ரோகிராமும், ஜி418 மருந்துக்குச் செல் வகையைப் பொறுத்து 200 முதல் 1000 மைக்ரோகிராமும் தேவைப்படலாம். இவ்விரண்டின் எதிர்ப்பு மரபணுக்களும் மருந்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளையே உருவாக்குகின்றன. ஜி418 மெதுவானது. 7 முதல் 14 நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதும், அளவை இரட்டிப்பாக்குவதும் பலரும் செய்கிற தேவையற்ற வேலைகள்.

சியோசின் இவற்றிலிருந்து வேறுபட்டது. மற்றவை புரதத் தொகுப்பைத் தடுக்க, இது டிஎன்ஏயின் இரு இழைகளையும் அறுக்கிறது. இதன் எதிர்ப்பு மரபணுவான எஸ்ஹெச் பிளே உருவாக்கும் புரதம் நொதியே அன்று. மருந்து மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு டிஎன்ஏயை நெருங்கவிடாமல் வைத்துக்கொள்வதே அதன் வேலை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. அது பின்னால் வரும்.

எந்த மருந்தாயினும், கில் கர்வ் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் கொல்லளவுச் சோதனையை நம் செல்லில், நம் ஊடகத்தில், நம் சீரத்தில் செய்தாக வேண்டும். செல்களைத் தட்டின் கால்பங்கு பரப்பை மூடும் அளவுக்கு விதைத்து, மறுநாள் ஆறேழு செறிவுகளில் மருந்தைக் கொடுத்து, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை மருந்துடன் கூடிய புதிய ஊடகத்தை மாற்றி, அந்த மருந்துக்குரிய காலத்துக்குள் எல்லாச் செல்களையும் கொல்லும் மிகக் குறைந்த செறிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறருடைய ஆய்வுக் கட்டுரையில் அச்சாகியிருக்கும் செறிவு, சோதனையை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கான குறிப்பு மட்டுமே. அதையே விடையாக எடுத்துக்கொள்வதுதான் கீழே வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் என்பது என் கருத்து. இதைத் தவிர, ஒவ்வொரு தெரிவின்போதும் டிரான்ஸ்ஃபெக்ஷன் (அயல் டிஎன்ஏயைச் செலுத்துதல்) செய்யாத செல்களைக் கொண்ட தட்டு ஒன்றும் மருந்தோடு உடன் வளர வேண்டும். அந்தத் தட்டு இல்லாமல் கீழ்க்கண்ட அறிகுறிகளில் பலவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாது.

அறிகுறி: டிரான்ஸ்ஃபெக்ஷன் செய்யாத தட்டிலும் செல்கள் சாகவில்லை

முதலில் செல்லின் வரலாற்றைப் பாருங்கள். மனிதச் சிறுநீரகச் செல் வழியான ஹெச்ஈகே293டி செல்களுக்குள் எஸ்வி40 வைரசின் பெரிய டி ஆன்டிஜென் என்ற புரதத்துக்கான மரபணு செலுத்தப்பட்டபோது நியோ மரபணுவும் உடன் சென்றது. ஆகையால் அவை பிறவியிலேயே ஜி418 மருந்தைத் தாங்குபவை. சாதாரண ஹெச்ஈகே293 செல்களுக்கு இது பொருந்தாது என்பதால், பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு வாரம் வீணாகும். மரபணு நீக்கப்பட்ட எலிகளிலிருந்து எடுத்த நாரியல் செல்களில் (ஃபைப்ரோபிளாஸ்ட்) அந்த நீக்கத்துக்குப் பயன்பட்ட நியோ துண்டு எஞ்சியிருப்பதும், ஏற்கெனவே டிஎன்ஏயை வெட்டும் காஸ்9 புரதத்தை நிலையாக உருவாக்கும் செல்களில் பிளாஸ்டிசிடின் அல்லது பியூரோமைசின் எதிர்ப்பு இருப்பதும் இதே வகைச் சிக்கல்கள். செல் வழி எந்தெந்த மருந்துகளால் முன்பு தெரிவு செய்யப்பட்டது என்பதை உறைகுப்பியின்மேல் எழுதி வைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் உதவி.

வரலாற்றில் குறையில்லையென்றால் செல்களின் நெருக்கத்தைப் பாருங்கள். ஜி418 போன்ற மருந்துகள் பிரிந்து பெருகும் செல்களையே விரைவில் கொல்கின்றன. தட்டு நிரம்பிப் பிரிதல் நின்றுவிட்ட செல்கள் அதே செறிவில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்தைக் கூட்டுவதைவிட, செல்களைக் கால்பங்கு அடர்த்திக்குப் பிரித்து விதைத்து அதே செறிவைத் திரும்பக் கொடுப்பதே சரியான மருத்துவம்.

மூன்றாவது, மருந்தே குறைவாக இருப்பது. ஜி418 தூளின் முழு எடையும் செயலுள்ள மருந்து அன்று. ஒரு மில்லிகிராம் தூளில் சுமார் 700 மைக்ரோகிராம் செயலுள்ள பகுதி இருப்பது வழக்கம், துல்லியமான எண் குப்பியின் சீட்டில் இருக்கும். 500 மில்லிகிராம் தூளை 10 மில்லிலிட்டரில் கரைத்துவிட்டு அதை 50 மில்லிகிராம் கரைசல் என்று எழுதி வைத்தால், அதில் உண்மையில் மில்லிலிட்டருக்கு 35 மில்லிகிராம்தான் செயலுள்ள மருந்து இருக்கும். தட்டில் 400 மைக்ரோகிராம் இருப்பதாக நினைத்துக்கொண்டு நாம் கொடுப்பது 280 மட்டுமே. தூளிலிருந்து தயாரித்த கரைசல் தீர்ந்து, செயலளவு முன்பே கணக்கிடப்பட்ட திரவ மருந்துக்கு மாறும்போது, ஒரே செறிவு என்று நம்பியது திடீரென நல்ல செல்களையும் கொல்லத் தொடங்குவதற்கும் இதுவே காரணம். சேமிப்பிலும் கவனம் தேவை. சியோசின் வெளிச்சம் படாமல் உறைநிலையில் இருக்க வேண்டும். ஹைக்ரோமைசின் கரைசலை 4 டிகிரியில் வைப்பார்கள், உறைய விடுவதில்லை. பிளாஸ்டிசிடின் காரத்தன்மையில் நிலைக்காது.

பியூரோமைசினுக்கு மட்டும் ஒரு தனிக் காரணம் உண்டு. பி-கிளைக்கோபுரதம் என்னும் வெளியேற்றி இந்த மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளிவிடும். அதை மிகுதியாக வைத்திருக்கும் செல் வழிகள், குறிப்பாகப் பல மருந்துகளைத் தாங்கும் புற்றுச் செல்கள், எதிர்ப்பு மரபணு இல்லாமலேயே பிழைக்கும். அங்கே வேறு மருந்துக்கு மாறுவதே சிக்கனமானது.

சியோசின் கொடுத்த தட்டில் செல்கள் உருண்டு மிதக்காமல், பெருத்துப் பரந்து, உள்ளே குமிழ்கள் தோன்றி ஒட்டிக்கொண்டே இருப்பதைக் கண்டு மருந்து செயல்படவில்லை என்று எண்ண வேண்டாம். இந்த மருந்தில் சாவு அப்படித்தான் தொடங்கும்.

அறிகுறி: இரண்டு தட்டிலும் எல்லாச் செல்களும் செத்துவிட்டன

செறிவு கூடுதல் என்பதுதான் முதலில் தோன்றும் ஐயம். கொல்லளவுச் சோதனை செய்திருந்தால் அதை உடனே ஒதுக்கிவிடலாம். பிறகு காலத்தைப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ உட்சென்ற செல், எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள 24 முதல் 48 மணி நேரமாவது வேண்டும். கொழுப்பு வகை டிரான்ஸ்ஃபெக்ஷன் பொருள்கள் செல் சவ்வை ஊடுருவக்கூடியதாக ஆக்குவதால், அந்த வேளையில் ஊடகத்தில் இருக்கும் வழக்கமான பெனிசிலின்–ஸ்ட்ரெப்டோமைசின் கலவைகூடச் செல்களுக்குக் கேடு செய்யலாம். ஆகவே அந்த ஒரு நாளாவது ஊடகத்தில் எந்த நுண்ணுயிர் எதிர்ப்பியும் இல்லாதிருப்பது நல்லது.

அடுத்து பிளாஸ்மிட் (மரபணுக்களைச் சுமந்துசெல்லும் வட்ட டிஎன்ஏ) வரைபடத்தை எடுத்துப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு பாக்டீரியாவில் பிளாஸ்மிட்டைப் பெருக்குவதற்கு உரியது. பாலூட்டிச் செல்லில் அதனால் ஒரு பயனும் இல்லை. கானமைசின் எதிர்ப்பில்தான் குழப்பம் மிகுதி. நியோ மரபணு பாக்டீரியாவைக் கானமைசினிலிருந்தும் பாலூட்டிச் செல்லை ஜி418 மருந்திலிருந்தும் காக்கும் என்பது உண்மை; ஆனால் அதன் முன்னால் பாலூட்டிச் செல் படிக்கக்கூடிய புரோமோட்டர் (மரபணுவின் வாசிப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி) இருக்க வேண்டும். சில பிளாஸ்மிட்களில் ஒரே மரபணுவின் முன் எஸ்வி40 புரோமோட்டரும் பாக்டீரியப் புரோமோட்டரும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பாக்டீரியப் புரோமோட்டர் மட்டுமே இருக்கும். வரைபடத்தில் கானமைசின் என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஜி418 தெரிவுக்கு உதவும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிசிடிஎன்ஏ3.1 போன்ற பிளாஸ்மிட் வரிசைகளில் நியோ, ஹைக்ரோ, சியோ என்று தனித்தனி வடிவங்கள் இருப்பதால், பெயரின் பின்னொட்டை மறந்து தவறான மருந்தைக் கொடுப்பதும் நடக்கிறது.

பிளாஸ்மிட்டை வெட்டி நேர்கோடாக்கிச் செலுத்தியிருந்தால், வெட்டிய நொதிக்கு எதிர்ப்பு மரபணுவுக்குள் இன்னொரு வெட்டுமிடம் இருக்கிறதா என்று பார்க்கவும். பழைய பிளாஸ்மிட்கள் சிலவற்றில் நியோ புரதத்தின் 182ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக அஸ்பார்டிக் அமிலம் அமைந்த திரிபு ஒன்று உலவுகிறது. அது முற்றிலும் செயலற்றதன்று, ஆனால் வலுக்குறைந்தது. அத்தகைய பிளாஸ்மிட்டில் வழக்கமான செறிவு மிகக் கடுமையாகிவிடும். வரிசையை வாசித்து இதை உறுதிசெய்து, மருந்தைக் குறைக்கலாம் அல்லது பிளாஸ்மிட்டை மாற்றலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் டிஎன்ஏ செல்லுக்குள் போகவே இல்லை. ஒளிரும் பச்சைப் புரதம் கொண்ட பிளாஸ்மிட்டை அதே நாளில் அதே முறையில் செலுத்தி, மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

அறிகுறி: காலனிகள் (ஒரு செல்லிலிருந்து பெருகிய திட்டுகள்) தோன்றி, பத்தாம் நாளுக்குப் பின் மறைகின்றன

குரோமோசோமில் சேராத பிளாஸ்மிட்டும் சில நாள்களுக்கு எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும். செல் பிரியப் பிரிய அந்த பிளாஸ்மிட் நீர்த்துப்போய், தற்காலிகமாகத் தப்பித்திருந்த காலனி முழுவதும் சரியும். ஜி418 போன்ற மெதுவான மருந்துகளில் இது இயல்பு. ஆகவே முதல் வாரத்திலேயே காலனிகளை எண்ணிக் களிப்படையவும் வேண்டாம், சரிவைக் கண்டு தட்டை எறியவும் வேண்டாம். மூன்றாம் வாரத்தில் நிற்பவையே நிலையானவை. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் சோதனைகளில் இதே இயல்பைப் பயனாகக் கொண்டு, பியூரோமைசினை இரண்டு மூன்று நாள் மட்டும் கொடுத்து, பிளாஸ்மிட் உட்சென்ற செல்களைச் செறிவூட்டிவிட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

அறிகுறி: எதிர்ப்புள்ள செல்கள் செழிக்கின்றன, வேண்டிய புரதம் மட்டும் இல்லை

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மருந்து செல்லிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: எதிர்ப்பு மரபணு வேலை செய்கிறதா? பக்கத்தில் இருக்கும் மரபணுவைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அவ்விரண்டையும் நாம் எந்த அளவுக்குப் பிணைத்து வைத்திருக்கிறோமோ அந்த அளவுக்கே மருந்தின் பதில் நமக்கும் பொருந்தும்.

வட்டப் பிளாஸ்மிட்டை அப்படியே செலுத்தினால் அது குரோமோசோமில் சேருமுன் ஏதாவது ஓரிடத்தில் உடைய வேண்டும். 8000 கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட்டில் நம் மரபணு தன் புரோமோட்டரோடு 3000 இணைகளையும், எதிர்ப்பு மரபணு தன் புரோமோட்டரோடு 1500 இணைகளையும் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்ப்பு மரபணுவில் உடைந்தவை மருந்தில் செத்துவிடும். மீதி 6500 இணைகளுள் எங்கு உடைந்தாலும் செல் பிழைக்கும். அந்த 6500இல் 3000 நம் மரபணுவுக்கு உரியது. எனவே ஓரிடத்தில் மட்டும் எழுந்தமானமாக உடைகிறது என்று கொண்டால், பிழைத்தவற்றுள் ஏறத்தாழ 46 விழுக்காட்டில் நம் மரபணு துண்டாகியிருக்கும். பிளாஸ்மிட்டை முன்கூட்டியே, பாக்டீரியாவுக்கு மட்டும் தேவைப்படும் பகுதியில் ஒரே இடத்தில் வெட்டி நேர்கோடாக்கிச் செலுத்தினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். வெட்டிய முனைகளைச் செல்லின் நொதிகள் சிறிது அரித்துவிடும் என்பதால், வெட்டுமிடம் இரு மரபணுக்களிலிருந்தும் தள்ளி இருப்பது நல்லது.

மரபணு முழுமையாக இருந்தும் மௌனமாகிவிடுவது இரண்டாவது காரணம். சைட்டோமெகலோ வைரசிலிருந்து எடுத்த சிஎம்வி புரோமோட்டர் தொடக்கத்தில் வலிமையானது. ஆனால் பல செல் வகைகளில் வாரங்கள் செல்லச் செல்ல மெத்தில் தொகுதிகள் ஏறி அடங்கிவிடுகிறது. அதே பிளாஸ்மிட்டில் எதிர்ப்பு மரபணு வேறொரு புரோமோட்டரின்கீழ் இருப்பதால், மருந்து இதைக் கண்டுகொள்வதில்லை. எனவே சோதனையை வரிசையாகச் செய்ய வேண்டும். குரோமோசோம் டிஎன்ஏயில் நம் மரபணுவின் இரு முனைகளும் இருக்கின்றனவா என்று பிசிஆர் மூலம் பார்ப்பது முதல் படி. அவை இருந்து ஆர்என்ஏ மட்டும் இல்லையென்றால், மெத்திலேற்றத்தைக் குறைக்கும் 5-அசாசைட்டிடினைச் சில நாள் கொடுத்துப் பார்க்கலாம். இல்லாதிருந்த ஆர்என்ஏ தலைகாட்டினால் அடங்கல்தான் காரணம். அப்போது ஈஎஃப்1 ஆல்ஃபா போன்ற புரோமோட்டருக்கு மாறுவது நீண்ட காலத் தீர்வு. ஆர்என்ஏ இருந்தும் புரதம் இல்லையென்றால் தெரிவு முறையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. புரதத்தைக் காட்டும் எதிருடலையும் மரபணுவின் வாசிப்புச் சட்டகத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பிணைப்பை இறுக்க, இரண்டு மரபணுக்களையும் ஒரே ஆர்என்ஏயில் வைப்பதே எனக்குச் சரியெனப் படும் வழி. ஐஆர்இஎஸ் என்பது ஆர்என்ஏயின் நடுவிலிருந்து இரண்டாவது புரதத்தின் மொழிபெயர்ப்பைத் தொடங்கிவைக்கும் வரிசை. அதற்குப் பின்னால் வருவது குறைவாகவே மொழிபெயர்க்கப்படும். எனவே எதிர்ப்பு மரபணுவைப் பின்னால் வைத்தால், அந்தக் குறைந்த அளவிலும் செல் பிழைக்க முன்னால் இருக்கும் நம் மரபணு நிறைய வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். இரு புரதங்களையும் மொழிபெயர்ப்பின்போதே பிரித்துவிடும் 2ஏ வரிசையில் அளவுகள் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஆனால் முன்னால் உள்ள புரதத்தின் இறுதியில் 20 அமினோ அமில அளவுக்கு ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை, அந்த முனை செயலுக்கு முக்கியமான புரதங்களில் மறக்கக் கூடாது.

சியோசினின் தனித்தன்மை பயன்படும் இடமும் இதுதான். நியோ, பிஎஸ்ஆர் போன்றவை நொதிகள் என்பதால் சில மூலக்கூறுகளே ஏராளமான மருந்தைச் சிதைத்துவிடும். குறைவாக வெளிப்படுத்தும் செல்லும் சல்லடையில் தங்கிவிடுகிறது. எஸ்ஹெச் பிளே புரதமோ மருந்தை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பற்றுவதால், பிழைக்கும் செல்லில் அந்தப் புரதம் ஏராளமாக இருந்தாக வேண்டும். உயர்ந்த வெளிப்பாடு தேவையென்றால், 2ஏ வழியாக இதனோடு நம் மரபணுவை இணைப்பது பயன் தரும். சியோசின் டிஎன்ஏயை உடைக்கும் மருந்து என்பதால், டிஎன்ஏ சீரமைப்பைப் பற்றிய ஆய்வில் மட்டும் அதைத் தவிர்க்கவும்.

புரதமே செல்லுக்கு நஞ்சாக இருந்தால் மேற்கண்ட எதுவும் உதவாது. அதை உருவாக்காத செல்களே விரைந்து பெருகிக் கூட்டத்தை நிறைத்துவிடும். டெட்ராசைக்ளினால் இயக்கப்படும் புரோமோட்டருக்கு மாறி, தெரிவு முடியும்வரை மரபணுவை அணைத்து வைக்க வேண்டும். சீரத்தில் டெட்ராசைக்ளின் எச்சம் இருந்தால் அது அணையாது.

அறிகுறி: ஒரே தட்டில் சில செல்கள் மிகுதியாக, சில மங்கலாக வெளிப்படுத்துகின்றன

சேர்ந்த இடமும் பிரதிகளின் எண்ணிக்கையும் செல்லுக்குச் செல் மாறுவதால், கலப்புக் கூட்டத்தில் இது இயல்பானதே. ஒரே பிரதி வேண்டுமானால், மரபணுவைச் சுமந்து சென்று குரோமோசோமில் சேர்க்கும் லென்டிவைரசைக் குறைந்த விகிதத்தில் செலுத்துவது எளிது. ஒரு செல்லுக்கு 0.3 வைரஸ் என்று கொடுத்தால், பாய்சான் நிகழ்தகவுக் கணக்கின்படி 26 விழுக்காட்டுச் செல்களே தொற்றுறும். அவற்றுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டில் ஒரே பிரதி இருக்கும். தொற்றுறாத செல்களைப் பியூரோமைசின் அகற்றிவிடும். தொற்றுக்குப் பின் தட்டில் ஏறக்குறைய எதுவுமே சாகவில்லை என்றால், மகிழ்வதற்கு முன் வைரஸ் அளவு கூடிவிட்டதோ என்று ஐயுற வேண்டும்.

அறிகுறி: இரண்டாவது மருந்தைச் சேர்த்தவுடன் நல்ல செல்களும் சரிகின்றன

தனித்தனியாகக் கண்ட இரு செறிவுகளும் சேரும்போது செல்லுக்குச் சுமை கூடும். முதல் எதிர்ப்பு உள்ள செல்களில், முதல் மருந்து இருக்கும் நிலையிலேயே இரண்டாவதற்குக் கொல்லளவுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் குறைத்தாலே போதுமானதாக இருக்கும்.

அறிகுறி: பிளாஸ்மிட் தயாரிக்கும் பாக்டீரியத் தட்டிலேயே குழப்பம்

ஆம்பிசிலின் தட்டில் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிக் காலனிகள் தோன்றினால், எதிர்ப்பு நொதி வெளியே கசிந்து சுற்றுப்புற மருந்தைச் சிதைத்துவிட்டது என்று பொருள். தட்டை 16 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள், அல்லது கார்பெனிசிலினைப் பயன்படுத்துங்கள். கானமைசின் தட்டில் பரப்புமுன் ஒரு மணி நேரம் மருந்தில்லா ஊடகத்தில் வளர விடுவது கட்டாயம். சியோசினை உப்பு முடக்கிவிடும் என்பதால் உப்புக் குறைந்த ஊடகமே வேண்டும். மேலும் டிஎன்5 என்னும் இடம்பெயரும் டிஎன்ஏ துண்டைச் சுமக்கும் ஈ.கோலை வகைகளில், சியோசினின் இனமான பிளியோமைசினுக்கு எதிர்ப்பு மரபணு ஏற்கெனவே இருப்பதால் அங்கே சியோசின் தெரிவு பலிக்காது.

அறிகுறி: உறைநிலையிலிருந்து எழுப்பிய செல் வழி மருந்தில் சாகிறது, அல்லது வெளிப்பாடு தேய்கிறது

எழுப்பிய அன்றே மருந்து கொடுத்தால் நலிந்திருக்கும் செல்கள் எதிர்ப்பு இருந்தும் மடியும். ஒட்டிப் பரவி ஒருமுறை பிரியும்வரை, அதாவது ஒன்றிரண்டு நாள், மருந்தில்லாமல் விட்டுப் பிறகு கொடுக்க வேண்டும். வெளிப்பாடு தேய்வது வேறு கதை. மருந்தை முற்றிலும் நிறுத்தி மாதக்கணக்கில் வளர்த்த கூட்டத்தில், எதிர்ப்பு மரபணுவை அடக்கிவிட்ட செல்கள் படிப்படியாக மேலோங்கும். தெரிவுச் செறிவில் பாதியளவை வழக்கமான பராமரிப்புக்குத் தொடர்வது போதும். ஆனால் அளவீடு செய்யும் சோதனைக்கு முந்தைய சில நாள்களில் மருந்தை எடுத்துவிடுவதே மேல், ஏனெனில் புரதத் தொகுப்பைத் தொடும் மருந்து நாம் அளக்கும் எண்ணையும் தொடக்கூடும். தெரிவு முடிந்த முதல் இரு பிரிப்புகளிலேயே போதுமான குப்பிகளை உறைய வைத்திருந்தால், தேய்ந்த கூட்டத்தைத் திருத்த முயல்வதைவிடப் புதிய குப்பியை எழுப்புவது விரைவாக முடியும். குப்பிகள் இல்லாதபோது, தேய்ந்த கூட்டத்தை முழுச் செறிவில் ஒரு வாரம் வைத்து, பிழைத்தவற்றிலிருந்து ஒற்றைச் செல் காலனிகளைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.